முட்டி வலியும் அந்த 'டக்' சத்தமும்

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 58 வயது, 155 செ.மீ. உயரம், 74 கிலோ. இரண்டு ஆண்டாக வலது முட்டியின் உள்பக்கம் வலி. படி இறங்கும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் அதிகம். காலையில் பத்து நிமிடம் பிடித்துக்கொள்கிறது, நாலு நடை நடந்தால் விட்டுவிடுகிறது. எக்ஸ்ரேயில் 'தேய்மானம், கிரேடு 2' என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டைக் கையால் சொடுக்கி 'டக்' என்று சத்தம் வரவைக்கும் கைரோபிராக்டிக் வைத்திய வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விசாரித்தால், 12 சிட்டிங் பேக்கேஜ் என்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், மூன்று விஷயம் உறுதியானால். கை வைப்பதற்கு முன்னால் முட்டியை முறையாகச் சோதிக்கிறவராக இருக்க வேண்டும். கை வைத்த அன்றைக்கே பயிற்சி சொல்லித்தந்து, எதிரிலேயே செய்யவைத்துப் பார்க்க வேண்டும். முட்டி வலிக்கு வந்தவரின் கழுத்தைத் திருப்பக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் 12 சிட்டிங் பணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டாம்.

முதலில் 'ஜவ்வு' என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம். நம் ஊரில் மூன்று வெவ்வேறு பொருளுக்கு இந்த ஒரே சொல்தான் ஓடுகிறது. தொடை எலும்பின் அடிநுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பிலும் வழுவழுவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு ஒன்று. 'ஜவ்வு தேஞ்சுபோச்சு' என்றால் பெரும்பாலும் இது. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் வாஷர் மாதிரி உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸ் இன்னொன்று. ஒவ்வொரு முட்டியிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் நார்கள், அதாவது லிகமென்ட், மூன்றாவது. கபடி ஆடும்போது 'ஜவ்வு அறுந்துடுச்சு' என்பது இதை. அறுந்த லிகமென்ட்டைக் கையால் அமுக்கி ஒட்டவைக்க முடியாது, தேய்ந்த குருத்தெலும்பைக் கையால் வளர்க்கவும் முடியாது. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் இறுக்கம், தசையின் பிடிப்பு, வலியை நரம்பும் மூளையும் எடுத்துக்கொள்ளும் அளவு ஆகியவற்றைக் கையால் ஓரளவு மாற்றலாம். கைரோபிராக்டிக்கோ பிசியோதெரபியோ, கையால் செய்யும் எந்த வைத்தியத்துக்கும் எல்லை இவ்வளவுதான். 'ஜவ்வை வளரவைக்கிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலி கிளம்புவது அதற்கு அடியில் உள்ள எலும்பு, மூட்டின் உள்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு, மூட்டு உறை, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டு ஆகிய இடங்களிலிருந்து. கிரேடு 3 இருந்தும் பழனிப் படி ஏறிவருகிறவர்கள் இருப்பதும், கிரேடு 1-லேயே வீட்டுப் படிக்கு முனகுகிறவர்கள் இருப்பதும் இதனால்தான். 0 முதல் 4 வரையிலான இந்த கிரேடை 1957-இல் கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். எலும்பு முளைத்திருப்பதையும் இடைவெளி குறைந்திருப்பதையும் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. வலியின் அளவு அதில் இல்லை. எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா, படுத்தபடி எடுத்ததா என்றும் பாருங்கள். உடல் எடை முட்டியில் இறங்கினால்தான் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். படுக்கவைத்து எடுத்த படம் தேய்மானத்தைக் குறைத்துக் காட்டலாம்.

எம்ஆர்ஐயில் 'மெனிஸ்கஸ் கிழிசல்' என்று வந்தாலும் உடனே பதற வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரவாசிகளிடம் எடுத்த படங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ பிடிப்போ இல்லை. ஐம்பது தாண்டியவருக்கு அது நரைமுடி மாதிரி. இருக்கும், பல நேரம் தொந்தரவு செய்யாது. கால் ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால் மட்டும் கதை வேறு.

அடுத்து, வலிக்கிற இடம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் முட்டி முழுக்கத் தடவினால் மூட்டுக்குள்ளே பரவலான வலி. மடக்கிய முட்டியின் உள்பக்கம் இரண்டு எலும்பு சந்திக்கும் பள்ளத்தில் விரல் வைத்தால், உள்பக்கத் தேய்மானமோ மெனிஸ்கஸோ இருக்கலாம். அந்தப் பள்ளத்திலிருந்து மூன்று, நான்கு விரல் கீழே, எலும்பின் மேல் வைத்தால், தொடையிலிருந்து வரும் மூன்று தசைநார்கள் ஒட்டும் இடத்தில் உள்ள பை வீங்கியிருக்கலாம். எடை கூடிய நடுவயதுப் பெண்களிடம் இது அடிக்கடி உண்டு, 'தேய்மானம்' என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டும் விடுகிறது. சில்லுக்குப் பின்னால் வலித்து, படி இறங்கும்போதும் பஸ்ஸில் நெடுநேரம் மடக்கி உட்காரும்போதும் கூடினால் அது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவிலான பிரச்சினை. முட்டிக்குப் பின்னால் பந்து மாதிரி உருண்டால் அது பேக்கர் நீர்க்கட்டி. அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அது உடைந்து கெண்டைக்காலுக்குள் இறங்கினால், ரத்தக்கட்டி அடைத்தது போலவே வீங்கும்.

முட்டியே காரணமாக இல்லாமலும் போகலாம். இடுப்பு மூட்டு கெட்டவர்களில் சிலர் இடுப்பைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், முட்டியைத்தான் காட்டுவார்கள். இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்புகளின் கிளைகள் போகின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். தொடை இடுக்கில் சுருக்கென்றாலோ, மற்றக் காலைவிட மிகக் குறைவாகப் போனாலோ இடுப்பைப் பார்க்க வேண்டும். கீழ்முதுகில் நரம்பு அழுந்தினாலும் தொடையின் முன்பக்கம் எரிந்து முட்டிவரை இறங்கும், கூடவே மரத்துப்போகும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முட்டி வலி என்று நொண்டினால், இடுப்பைச் சோதிக்காமல் யாரும் முட்டியைத் தொடக் கூடாது. அந்த வயதில் தொடை எலும்பின் தலை சறுக்குவது முட்டி வலியாகவும் முதலில் தெரியலாம்.

கைரோபிராக்டர் பக்கமே போகாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. முட்டி சூடாகச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி; மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே மூட்டு நாசமாகும். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த பிறகு வந்த வலியென்றால் எக்ஸ்ரே எடுப்பதற்கு ஒட்டாவா விதி என்று ஒரு கணக்கு இருக்கிறது: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தொட்டால் வலி, முட்டியின் வெளிப்பக்கம் ஃபிபுலா எனும் மெல்லிய கீழ்க்கால் எலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை. ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. காலையில் முட்டியோடு விரல், மணிக்கட்டு எல்லாம் அரைமணிக்கு மேல் பிடித்துக்கொண்டால் முடக்குவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். சிக்குன்குனியா வந்துபோனவருக்கும் இந்த மாதிரி மாதக் கணக்கில் இழுக்கும். அம்மாவின் நிலை இவற்றில் எதிலும் வரவில்லை. 45 வயதுக்கு மேல், வேலை செய்தால் கூடும் வலி, அரைமணிக்குள் விடும் காலைப் பிடிப்பு என்று மூன்றும் பொருந்துவதால், ஸ்கேன் இல்லாமலேயே மூட்டுத் தேய்மானம் என்று முடிவுசெய்யலாம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் (NICE) சொல்லும் முறை.

இப்போது அந்த 'டக்' சத்தம். மூட்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் போன்ற நீர் இருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்பையும் சட்டென்று பிரித்தால் உள்ளே அழுத்தம் விழுந்து வாயுக் குமிழ் உண்டாகிறது. விரலில் சொடுக்கு எடுக்கும்போது நடப்பதும் இதுவே. அப்படிச் சொடுக்கும் விரலை எம்ஆர்ஐக்குள் வைத்து 2015-இல் கனடாவில் படமெடுத்தே காட்டினார்கள். ஒருமுறை சத்தம் வந்த மூட்டில் மறுபடி வர ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். விலகிய எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்ததால் வந்த ஒலி என்று வீடியோவில் சொல்வது பொய். சத்தம் வந்ததா இல்லையா என்பதற்கும் வலி குறைவதற்கும் சம்பந்தம் இல்லை. தேய்மான முட்டியில் சத்தம் வரவைப்பதற்காகக் காலை அளவுக்கு மீறிப் பின்னால் நீட்டிச் சொடுக்குகிறவரிடம் போகவே வேண்டாம். அந்த வேகம் உறையையும் மெனிஸ்கஸையும்தான் பதம்பார்க்கும்.

கைரோபிராக்டிக் பிறந்தது முதுகெலும்பிலிருந்து. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் டி. டி. பால்மர் தொடங்கியபோது, முதுகெலும்பு இம்மி விலகுவதுதான் நோய்க்கெல்லாம் வேர் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பழக்கம் நிற்கிறது. முட்டிக்குப் போனாலும் முதுகிலும் கழுத்திலும் கை போகும். 'முதுகைச் சரிசெய்தால் முட்டி தானே சரியாகும்' என்பார்கள். இதற்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. முட்டி வலித்தால் தொடையின் முன்தசை முழு பலத்தையும் கொடுக்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். கீழ்முதுகிலும் இடுப்பிலும் ஒரு சொடுக்குக் கொடுத்தால் அந்த அடக்கம் கொஞ்சம் தளர்வதைச் சில ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அந்த ஆதாயம் இருபது நிமிடத்தில் காணாமல் போவதையும் அளந்திருக்கிறார்கள். சில்லுக்குப் பின்னால் வரும் வலிக்கு முதுகையோ முட்டியையோ கையால் அசைப்பதை மட்டும் தனிச் சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்றே அந்த வலியை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 2018-இல் சொல்லிவிட்டது.

கழுத்து விஷயத்தில் சமரசம் கிடையாது. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் முட்டி வலிக்காக அந்த அரிய ஆபத்தையும் ஏற்க ஒரு காரணமும் இல்லை. முட்டி வலியென்று வந்தவருக்கு உண்மையில் முடக்குவாதமாக இருந்தால், அந்த நோய் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் கட்டையும் தளர்த்தியிருக்கலாம். அங்கே ஒரு சொடுக்கு தண்டுவடத்தையே நசுக்கிவிடலாம்.

நல்ல கைரோபிராக்டர் முட்டியில் என்ன செய்வார் என்று கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் அளப்பார். மல்லாந்து படுக்கவைத்து இரண்டு முட்டிக்கும் பின்னால் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். வலிக்கும் கால் ஐந்து, பத்து டிகிரி முழுதாக நீளாமல் நிற்பது ரொம்பச் சாதாரணம், பலரும் கவனிக்காததும் அதுதான். முட்டி நீளும்போது கடைசி இருபது, முப்பது டிகிரியில் கீழ்க்கால் எலும்பு லேசாக வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு விழாவிட்டால் நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும், சில்லும் அழுத்தத்திலேயே கிடக்கும். சமையலறையில் ஒரு மணி நேரம் நின்றால் முட்டி கடுப்பதற்கு இது ஒரு காரணம். பிறகு முட்டியை மடக்கினால் குதிகால் எவ்வளவு பின்னால் வருகிறது, நீர் கோத்திருக்கிறதா, லிகமென்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கணுக்காலையும் விடமாட்டார். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடும்போது, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் பத்து செ.மீ. இடைவெளி கிடைக்காவிட்டால் கணுக்கால் இறுகியிருக்கிறது. படி இறங்கும்போது அந்தக் குறையை முட்டி சுமக்கும்.

கை வேலை அளந்ததற்கு ஏற்ப இருக்கும். நீளாத முட்டிக்கு, குதிகாலுக்கு அடியில் உருட்டிய துண்டை வைத்து, சில்லுக்கு மேலே தொடை எலும்பின் அடியில் உள்ளங்கையைப் பதித்து மெதுவாகக் கீழே அமுக்கி அமுக்கி விடுவது. வினாடிக்கு ஒன்றிரண்டு தடவை, முப்பது வினாடி முதல் ஒரு நிமிடம், மூன்று நான்கு சுற்று. மடங்காத முட்டிக்கு, காலை மடித்துப் பாதத்தை மேசையில் ஊன்றவைத்து, பாதம் நகராமல் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, கீழ்க்கால் எலும்பின் தலையை இரண்டு கையாலும் பின்னோக்கித் தள்ளுவது. சில்லை நான்கு பக்கமும் நகர்த்துவது. கால் நீட்டித் தொடை தளர்ந்திருக்கும்போது மட்டும், பள்ளத்துக்குள் அழுத்தாமல், மேலோட்டமாக வழுக்கிவிட வேண்டும். கீழே அழுத்தி நகர்த்தினால் உரல் அரைப்பது மாதிரி கரகரக்கும், அன்று இரவு வீங்கும். இன்னொரு முறை, நோயாளியே முட்டியை மடக்கும்போது கீழ்க்கால் எலும்பை லேசாக உள்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வது. பத்துத் தடவை, மூன்று சுற்று. வலியே இல்லாமல் செய்ய வந்தால் மட்டும் அது சரியான பிடி. வலித்தால் திருப்பும் கோணத்தை மாற்ற வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது தப்பு. இதோடு தொடை, பின்தொடை, கெண்டைத் தசைகளை அழுத்தித் தளர்த்துவதும், ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவியால் தட்டுவதும் உண்டு. அந்தக் கருவியைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தவறு நடக்கும் இடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டியின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே ஃபிபுலா எலும்பின் தலை முட்டிக்கொண்டு நிற்கும். அதன் கழுத்தைச் சுற்றிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அந்த மூட்டைச் சரிசெய்கிறேன் என்று கட்டைவிரலால் அழுத்தும்போது பாதத்தின் மேல்பக்கம் சுள்ளென்று மின்சாரம் அடித்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். நரம்பு நசுங்கினால் பாதம் தொங்கிப்போய்ச் செருப்பு தடுக்கும். இரும்புப் பட்டையால் அழுத்தித் தேய்க்கும் முறையும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. கன்றிப்போய் உள்ளுக்குள் ரத்தம் கட்டும். மாதவிடாய் நின்று பல ஆண்டு ஆனவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் என்றால் எலும்பு பலம் தெரியாமல் முதுகில் சொடுக்கக் கூடாது. முட்டி மாற்று ஆபரேஷன் செய்த காலில் சொடுக்கு வேலை வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் பலன் தருகிறதா? கைரோபிராக்டர்கள் மட்டும் செய்த முட்டி ஆய்வுகள் குறைவு. அவர்கள் மேற்கோள் காட்டுவதில் பெரும்பகுதி பிசியோதெரபிஸ்டுகள் செய்தது. 2000-இல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் 83 பேரிடம் செய்த சோதனையில், கை வைத்தியமும் (கையால் மூட்டை அசைத்துத் தளர்த்துவது) பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களுக்கு எட்டு வாரத்தில் வலி, பிடிப்பு, இயக்கம் ஆகியவற்றின் மதிப்பெண் 55.8 சதவீதம் தேறியது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 13.1 சதவீதம் கூடியது. 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த சோதனையில் 156 பேர். ஒரு பாதிக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்குக் கை வைத்தியத்தோடு பயிற்சி. ஓராண்டு கழித்து 240-க்கு அளக்கும் தொல்லை மதிப்பெண் ஊசி போட்டவர்களுக்கு 55.8, மற்றவர்களுக்கு 37. குறைவாக இருப்பதே நல்லது. இரண்டிலும் கை வைத்தியம் தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியிலிருந்து கையைப் பிரித்துப் பார்த்தால் கூடுதல் பலன் சொற்பம் என்று சொல்லி, 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி கை வைத்தியத்துக்கு எதிராகவே நிபந்தனையோடு பரிந்துரைத்தது. நைஸ் 2022-இல் பயிற்சியோடு சேர்த்து மட்டும் யோசிக்கலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கை வலியைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்கும். இறங்கியிருக்கும் அந்த நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் அது நிற்கும், வீட்டுக்கு வந்து படுத்துவிட்டால் இரண்டு நாளில் பழைய வலிதான்.

ஆகவே பயிற்சி. அம்மாவுக்குப் பொருந்தும்படி சொல்கிறேன். முதல் இரண்டு வாரம்: கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதை முட்டியால் கீழே அமுக்கி ஐந்து வினாடி பிடித்து விடுவது, பத்துத் தடவை, மூன்று சுற்று, தினமும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து, வலிக்கும் காலை நேராகவே ஓர் அடி உயரம் தூக்கி இறக்குவது; அதே கணக்கு. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை, முதல் பயிற்சியிலேயே இருக்கட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: உயரமான நாற்காலி, அல்லது இருக்கை மேல் ஒரு தலையணை. பாதத்தைக் கொஞ்சம் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னே சாய்ந்து எழ வேண்டும். மூன்று வினாடி எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதானதும் தலையணையை எடுத்துவிடலாம், பிறகு கையில் அரிசிப் பை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது இடுப்புப் பக்கத் தசைக்கு. அது பலவீனமாக இருந்தால் நடக்கும்போது முட்டி உள்பக்கம் சாயும். ஐந்து, ஆறு வாரத்துக்குப் பிறகு பத்து முதல் பதினைந்து செ.மீ. உயரப் பலகையில் ஏறி இறங்குவது.

பயிற்சியில் வலிக்கும். பத்துக்கு மூன்று, நான்கு வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். மறுநாளும் கூடியிருந்தாலோ, முட்டி உப்பியிருந்தாலோ அடுத்த தடவை பாதியாகக் குறைத்துச் செய்ய வேண்டும். நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அடுத்த தவறு மூன்றாம் வாரத்திலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவுகட்டுவது. தசை தேற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும்.

எடையைப் பற்றிப் பேசினால் அம்மாக்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நடக்கும் ஒவ்வோர் அடியிலும், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் முட்டியில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைவதாக 2005-இல் அளந்திருக்கிறார்கள். 74 கிலோவில் ஐந்து கிலோ இறங்கினால் அடிக்கு இருபது கிலோ. எந்தக் கையாலும் எந்தச் சொடுக்காலும் இதைக் கொடுக்க முடியாது.

மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன மாற்றம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், கை கைப்பிடியில். தடி பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். தடியின் தலை மணிக்கட்டு மடிப்பு உயரம். தரையில் சம்மணம் போடுவதையும் இந்திய டாய்லெட்டையும் வலி இறங்கும்வரை தள்ளிவைக்கலாம், வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டியதில்லை. மாத்திரைக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசிப் பார்க்கலாம். பிபி, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் போடக் கூடாது. கடையில் விற்கும், முட்டியில் மாட்டும் நீ-கேப் நடக்கும்போது தெம்பு தரும், அவ்வளவுதான். குருத்தெலும்புக்கு என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கும் காசுக்குப் பழம் வாங்கலாம்.

சிட்டிங் கணக்குக்கு வருவோம். முதல் மூன்று, நான்கு வாரத்தில் நான்கு முதல் ஆறு சிட்டிங் போதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம். தொடங்கும் முன் மூன்று எண்ணைக் காகிதத்தில் எழுதிவையுங்கள்: படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது, முட்டியை முழுதாக நீட்டிப் படுத்தால் அடியில் எத்தனை விரல் நுழைகிறது. இரண்டாவது எண்ணுக்கு ஓர் அளவுகோல் உண்டு: 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு, 58 வயதுக்காரருக்கு அதைத் தாண்டவாவது வேண்டும். ஆறாவது சிட்டிங்குக்குப் பிறகு மறுபடி எழுதுங்கள். மூன்றில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் ஏழாவதும் அசைக்காது. அசைந்திருந்தால் சிட்டிங்கை மாதம் ஒன்றாகக் குறைத்து, பயிற்சியை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி, கால் வெளிப்பக்கம் வில்லாக வளைவது, வீட்டுக்குள் நடக்கவே தயக்கம் என்று போனால் எலும்பு டாக்டரிடம் ஆபரேஷன் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. அப்போது பேக்கேஜ் எதையும் புதுப்பிக்கக் கூடாது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் இல்லை. பெயருக்குப் பின்னால் டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) என்று இருந்தால் அது வெளிநாட்டில் முழுநேரமாகப் படித்த பட்டம். சில நாள் பயிலரங்கில் கற்றுக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் கைரோபிராக்டர் என்ற அதே பெயரில்தான் இருக்கிறார்கள். அதற்காக டி.சி. இல்லாதவரெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன கை வேலை முழுவதையும் அவரும் செய்வார், பயிற்சியில் பெரும்பாலும் அவர் கை ஓங்கியிருக்கும். போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'முதல் நாள் எவ்வளவு நேரம் சோதிப்பீர்கள், வீட்டில் செய்ய என்ன தருவீர்கள்?' பதிலாக வீடியோ லிங்க் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

முதல் நாள் தொடைவரை ஏற்றக்கூடிய தளர்ந்த உடை, நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையின் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேசையில் படுப்பதற்கு முன்னாலேயே 'கழுத்தில் கை வைக்க வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அன்றும் மறுநாளும் லேசாகக் கடுத்தால் வெந்நீர் ஒத்தடம் போதும்; இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ வீங்கினாலோ அடுத்த சிட்டிங்குக்கு முன் அவருக்குத் தெரிவித்து, என்ன செய்தாரோ அதை மாற்றச் சொல்ல வேண்டும்.